ரிசப்ஷனில் கிடைக்கும் தள்ளுபடி: ஒரு வரலாறு

"கொஞ்சம் குறைச்சுக்க முடியுமா?"

ஓட்டல் ரிசப்ஷன் இருக்கும் ஊரில் எல்லாம் இந்தக் கேள்வியும் இருக்கிறது. மேசைக்குப் பின்னால் நிற்பவர் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார். சற்று யோசிக்கிறார். பிறகு ஒரு குறைந்த வாடகையைச் சொல்கிறார். அல்லது "சாரி சார், இதுதான் ரேட்" என்று முடித்து விடுகிறார். ஒருவருக்குக் கிடைத்தது அடுத்தவருக்கு ஏன் கிடைக்கவில்லை? குறைத்துக் கொடுத்த அந்தப் பணம் யாருடையது? குறைக்கும் அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தது?

இதற்குப் பதில் வேண்டுமானால் அமெரிக்க ஓட்டல்களின் இருநூறு ஆண்டு வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். ரிசப்ஷன் மேசை, ஒரே பெயரில் ஊர் ஊராக இயங்கும் ஓட்டல், கம்ப்யூட்டர் முன்பதிவு என்று இன்று நாம் சாதாரணமாக நினைக்கும் பலவும் அங்கேதான் உருவாகி வளர்ந்தன.

மேசை வந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பயணிகள் தங்கியவை பெரும்பாலும் மதுக்கடையும் சத்திரமும் சேர்ந்த விடுதிகள்தான். முன்பின் தெரியாத இருவர் ஒரே கட்டிலில் படுப்பதும் அங்கே சகஜம். வாடகையை முதலாளியிடமே பேசிக்கொள்ளலாம். குறைத்தால் அவருக்கு நஷ்டம், கூட்டினால் அவருக்கு லாபம். நடுவில் யாரும் இல்லை.

1829ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ட்ரீமான்ட் ஹவுஸ் என்ற ஓட்டல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஐசையா ராஜர்ஸ். சுமார் 170 அறைகள். அறைக்கு ஒரு பூட்டு, ஒரு சாவி, இலவச சோப்பு என்று அன்றைக்குப் புதுமையான வசதிகள் இருந்தன. மதுக்கூடத்திலிருந்து பிரித்து ஓர் அலுவலகம் அமைத்து, வருகிறவர்களைப் பதிவு செய்து சாவி கொடுக்க ஒரு குமாஸ்தாவை அங்கே நிறுத்தினார்கள். இன்றைய ரிசப்ஷனுக்கு இதுவே முன்னோடி என்று சொல்லப்படுகிறது.

170 அறைக்கும் முதலாளி ஒருவரே நின்று பேரம் பேச முடியாது. ஆகவே எந்த அறையை யாருக்கு, என்ன வாடகைக்குக் கொடுப்பது என்ற முடிவு ஒரு சம்பளக்காரரின் கைக்கு வந்தது. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்பது பழமொழி. குமாஸ்தா குறைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் முதலாளியின் டாலர். அவர் தாராளமாக இருந்தால் நன்றி அவருக்கு, நஷ்டம் முதலாளிக்கு. அவர் கறாராக இருந்து வந்தவர் திரும்பிப் போனாலும் நஷ்டம் முதலாளிக்குத்தான். வணிகவியல் பாடத்தில் முதலாளி-முகவர் பிரச்சினை என்று படிப்பதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடைக்காது.

காலி அறையின் கணக்கு

அப்படியானால் தள்ளுபடியே கூடாது என்று தடுத்துவிடலாமே? முடியாது. அதற்குக் காரணம் ஓட்டல் அறை என்ற சரக்கின் தன்மை.

துணிக்கடையில் இன்று விற்காத சேலையை நாளை விற்கலாம். ஓட்டலில் இன்று இரவு விற்காத அறையை நாளை விற்க முடியாது. நாளை விற்பது நாளைய இரவை. இன்றைய இரவு விடியும்போது அழிந்து போகிறது. அந்த வகையில் ஓட்டல் அறை காய்கறியை விடவும் சீக்கிரம் கெட்டுப்போகும் சரக்கு.

ஒரு சிறிய கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓர் அறையின் வாடகை 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கட்டடக் கடனுக்கு வட்டி, ஊழியர் சம்பளம், வரி எல்லாம் அறை நிரம்பினாலும் காலியாக இருந்தாலும் ஒன்றுதான். ஒருவர் வந்து தங்குவதால் கூடுதலாக ஆவது துணி துவைப்பது, சோப்பு, தண்ணீர், மின்சாரம் என்று ஒரு 15 டாலர். இரவு பதினோரு மணிக்கு ஒருவர் வந்து 60 டாலருக்குக் கேட்கிறார். கொடுத்தால் 45 டாலர் மிச்சம். கொடுக்காவிட்டால் பூஜ்யம். எந்தக் கணக்குப்பிள்ளையும் கொடுத்துவிடு என்றுதான் சொல்வார்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. மாலையில் 100 டாலர் கொடுத்து அறை எடுத்தவர், பக்கத்து அறைக்காரர் 60 டாலர் கொடுத்த சேதியைக் காலை டிபன் சாப்பிடும்போது தெரிந்துகொண்டால்? அடுத்த முறை அவரும் பதினோரு மணிக்குத்தான் வருவார். இப்படி எல்லோரும் காத்திருக்கத் தொடங்கினால் 100 டாலர் வாடகை என்பதே இல்லாமல் போகும். ஆகவே குறைத்துக் கொடுக்கவும் வேண்டும், அது மற்றவருக்குத் தெரியவும் கூடாது. தெரிந்தாலும் "அவருக்கு ஒரு காரணம் இருக்கிறது" என்று சொல்லும்படி இருக்க வேண்டும். ஓட்டல் தள்ளுபடியின் வரலாறு முழுவதும் இந்தக் காரணத்தைத் தேடிய வரலாறுதான் எனலாம்.

ஒரே பொருளை வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு விலையில் விற்பதை விலைப் பாகுபாடு என்கிறது பொருளியல். ஆர்தர் பிகு என்ற ஆங்கிலப் பொருளியல் அறிஞர் 1920ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதை மூன்று வகையாகப் பிரித்தார். ஆளுக்கு ஆள் அவரால் முடிந்த உச்ச விலையை வாங்குவது முதல் வகை. அதிகம் வாங்கினால் குறைவு என்பது இரண்டாவது. மாணவர், முதியவர் என்று கூட்டம் கூட்டமாகப் பிரித்து விலை வைப்பது மூன்றாவது. பிகு எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே ஓட்டல் குமாஸ்தாக்கள் இதைப் பழக்கத்தில் தெரிந்து வைத்திருந்தார்கள்.

முதல் சலுகைக்காரர்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு ரயில் பாதைகள் பெருகின. கூடவே பெட்டி நிறையச் சரக்கு மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிகளும் பெருகினார்கள். சிறு நகர ஓட்டல்கள் பிழைத்ததே பெரும்பாலும் இவர்களால்தான். சரக்கைப் பரப்பிக் காட்டத் தனி அறைகளே ஓட்டல்களில் இருந்தன. 1888ஆம் ஆண்டு ஓஹியோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இவர்களுக்கென ஒரு பெரிய சங்கமே தொடங்கப்பட்டது. ஓட்டல் அறைகளில் பைபிள் வைக்கும் கிதியோன்கள் அமைப்பை 1899ஆம் ஆண்டு தொடங்கியவர்களும் விற்பனைப் பிரதிநிதிகள்தான்.

மாதம் தவறாமல் வருகிறவரிடம் முழு வாடகை வாங்க முடியுமா? எதிரே இன்னொரு ஓட்டல் இருக்கிறதே. வியாபார நிமித்தம் வருகிறவர்களுக்கு என்று ஒரு தனி வாடகை இப்படித்தான் பழக்கத்துக்கு வந்தது. குமாஸ்தாவுக்கும் இது வசதி. வேறு யாராவது கேட்டால், "அவர் கம்பெனி ஆள் ஐயா" என்று சொல்லிவிடலாம்.

எழுதி ஒட்டிய வாடகை

குமாஸ்தாவின் முகத்தைப் பார்த்து வாடகை தெரிந்துகொள்ளும் இந்த முறையை எல்லோரும் விரும்பவில்லை. அதற்கு எதிர்முனையில் நின்றவர் எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர். 13 வயதில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் வீலிங் நகரில், மெக்லூர் ஹவுஸ் ஓட்டலில் பெட்டி தூக்கும் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர். மேசையின் இரு பக்கமும் நடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்.

1908ஆம் ஆண்டு பஃபலோ நகரில் அவர் 300 அறைகள் கொண்ட ஓட்டலைத் திறந்தார். ஒவ்வோர் அறைக்கும் குளியலறை உண்டு, வாடகை ஒன்றரை டாலர் என்று விளம்பரம் செய்தார். வாடகையை ஊரறியச் சொல்லிவிட்ட பிறகு பேரத்துக்கு இடம் ஏது? பின்னாளில் ஸ்டாட்லர் ஓட்டல்கள் ஒவ்வோர் அறையிலும் வாடகையை எழுதி மாட்டி வைத்திருப்பதையே பெருமையாக விளம்பரப்படுத்தின. முதல் முறை வருகிற கூச்ச சுபாவக்காரரும், நூறு முறை வந்து பழகிய கெட்டிக்காரரும் ஒரே தொகையைக் கொடுக்கலாம் என்பது அதன் பொருள்.

அரசுகளும் இந்த வழிக்கு வந்தன. நியூயார்க் உட்படப் பல மாநிலங்கள், வாங்கக்கூடிய வாடகையை எழுதி ஒட்ட வேண்டும் என்று சட்டம் செய்தன. திருவிழா, மாநாடு என்று கூட்டம் சேரும் நாளில் திடீரென்று இரண்டு மடங்கு கேட்பதைத் தடுப்பது நோக்கம். ஓட்டல்காரர்கள் என்ன செய்தார்கள்? எப்போதாவது வாங்க நேரலாம் என்று நினைத்த மிக உயர்ந்த தொகையை எழுதி ஒட்டிவிட்டார்கள். அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம் அல்லவா!

அந்த உச்ச வாடகைக்கு 'ராக் ரேட்' என்று பெயர். ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் அறைக்கு ஒரு தடம் என்று வரிசையாக அமைந்த ஒரு சட்டம் இருக்கும். அதில் அறையின் வகை, வாடகை எழுதிய அட்டைகள் செருகியிருக்கும். அந்தச் சட்டத்துக்குத்தான் 'ராக்' என்று பெயர். எந்த அறை காலி, இன்று எத்தனை காலி என்பதெல்லாம் குமாஸ்தாவுக்கு ஒரே பார்வையில் தெரியும். மேசைக்கு இப்பால் நிற்பவருக்குத் தெரியாது. பேரத்தில் குமாஸ்தாவின் பலமே இதுதான். பாதி ஓட்டல் காலியாக இருக்கிறது என்று தெரிந்தால் யார் முழு வாடகை கொடுப்பார்கள்?

1930களின் பொருளாதார மந்தத்தில் பாதிக்கும் மேல் காலி என்பதே பல ஓட்டல்களின் நிலைமை ஆனது. அமெரிக்க ஓட்டல்களில் பெரும்பகுதி கடன் கட்ட முடியாமல் திவாலானது. சுவரில் என்ன எழுதியிருந்தாலும், வந்தவரை விடாமல் பிடிப்பதே குமாஸ்தாவின் வேலையாயிற்று.

பெட்டியும் முகமும்

இந்த மந்த காலத்தில்தான் ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியல் பேராசிரியர் ஓர் இளம் சீனத் தம்பதியுடன் அமெரிக்கா முழுவதும் காரில் சுற்றினார். சீனர்கள் மீது வெறுப்பு மிகுந்திருந்த காலம் அது. தங்கும் விடுதிகள் 66, உணவகங்கள் 184 என்று ஏறி இறங்கினார்கள். இடமில்லை என்று திருப்பி அனுப்பியது ஒரே ஓர் இடம்தான். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டார். பதில் எழுதியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் மாட்டோம் என்றார்கள்! 1934ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வு சமூகவியலில் புகழ்பெற்றது.

அதில் நம் விஷயத்துக்குத் தேவையான குறிப்பு ஒன்றும் உண்டு. ஓட்டல் குமாஸ்தாக்கள் வருகிறவரைச் சட்டென்று எடைபோடுவது அவர் கொண்டுவரும் பெட்டியை வைத்துத்தான் என்று லாபியர் கவனித்தார். நல்ல உடை, நல்ல பெட்டி, புன்னகை ஆகியவை இருந்தால் நேரில் மனம் இளகுகிறது. காகிதத்தில் இளகாத மனம் மேசைக்கு முன்னால் இளகியது.

இதைப் படித்துவிட்டு மனித முகத்துக்கு எவ்வளவு சக்தி என்று மகிழ்ந்து நின்றுவிடக் கூடாது. கறுப்பின மக்களுக்கு அந்த இளக்கம் கிடைக்கவில்லை. ராக்கில் காலி அட்டைகள் வரிசையாக இருந்தபோதே, "அறை இல்லை" என்ற பதில் அவர்களுக்குக் கிடைத்தது. ராக் மேசைக்குப் பின்னால்தானே இருக்கிறது. பொய் என்று எப்படி நிரூபிப்பது? எந்த ஊரில் எங்கே தங்க முடியும் என்பதைத் தெரிந்துகொள்ள அவர்களுக்குத் தனிக் கையேடே தேவைப்பட்டது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த தபால் ஊழியர் விக்டர் கிரீன் 1936ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட 'கிரீன் புக்' அதுதான்.

1964ஆம் ஆண்டு ஜூலை 2 அன்று குடிசார் உரிமைகள் சட்டம் கையெழுத்தானது. அட்லாண்டா நகரில் 216 அறைகள் கொண்ட 'ஹார்ட் ஆஃப் அட்லாண்டா' மோட்டல், யாருக்கு அறை கொடுப்பது என்பது எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டது. அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அதை மறுத்தார்கள்.

வாடகையைக் குறைக்கும் அதிகாரமும் அறையை மறுக்கும் அதிகாரமும் ஒரே கையில், ஒரே ஆளின் மனப்போக்கில் இருந்தன என்பதை இங்கே மறக்கக் கூடாது. பிடித்த முகத்துக்குச் சலுகை என்று ஒன்று இருந்தால், பிடிக்காத முகம் என்றும் ஒன்று இருக்கும்.

விதியாக மாறிய தள்ளுபடி

போருக்குப் பிந்தைய காலத்தில் தள்ளுபடி மெல்ல மெல்ல விதியாக மாறியது. 1951ஆம் ஆண்டு மெம்ஃபிஸ் நகரத்து வீடு கட்டும் தொழிலதிபர் கெமன்ஸ் வில்சன் மனைவியோடும் ஐந்து குழந்தைகளோடும் வாஷிங்டனுக்குக் காரில் சுற்றுலா போனார். வழியில் தங்கிய மோட்டல்களில் ஒவ்வொரு குழந்தைக்கும் 2 டாலர் கூடுதலாகக் கேட்டார்கள். கடுப்பாகிப் போன வில்சன், 1952ஆம் ஆண்டு தானே ஒன்று திறந்தார். அதுதான் ஹாலிடே இன். பெற்றோருடன் தங்கும் குழந்தைக்குக் கட்டணம் இல்லை என்பது அங்கே விதி. குமாஸ்தாவிடம் கெஞ்ச வேண்டியதில்லை.

இதே போக்கில் மோட்டார் சங்க உறுப்பினர், முதியோர், அரசு ஊழியர், ராணுவத்தினர், கம்பெனி ஒப்பந்தம் என்று பட்டியல் நீண்டது. அட்டையைக் காட்டினால் தள்ளுபடி. 1983ஆம் ஆண்டு ஹாலிடே இன், மாரியட் இரண்டும் அடிக்கடி வருபவர்களுக்கான புள்ளித் திட்டங்களைத் தொடங்கின. முன்பு குமாஸ்தா தன் நினைவில் வைத்திருந்த "பழைய வாடிக்கையாளர்" இப்போது கம்ப்யூட்டரில் ஓர் எண் ஆனார்.

கம்ப்யூட்டர் உட்கார்ந்த நாற்காலி

அடுத்த மாற்றம் விமான நிறுவனங்களிடமிருந்து வந்தது. 1978ஆம் ஆண்டு அமெரிக்க விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் வந்தது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் போன்ற மலிவு விலை நிறுவனங்கள் முளைத்தன. 1985ஆம் ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தந்திரமாகப் பதிலடி கொடுத்தது. முன்கூட்டியே பதிவு செய்பவர்களுக்கு மலிவு டிக்கெட். ஆனால் எத்தனை இருக்கைகளை மலிவாக விற்பது, கடைசி நேரத்தில் ஓடிவரும் வியாபாரிகளுக்கு எத்தனை ஒதுக்குவது என்பதைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் இரண்டே ஆண்டுகளில் காணாமல் போனது.

இருக்கையும் அறையும் ஒரே ஜாதிச் சரக்கு. புறப்பட்ட விமானத்தின் காலி இருக்கையும் விடிந்த பிறகு காலி அறையும் ஒன்றே. மாரியட் முதலில் இந்த முறையைப் பிடித்துக்கொண்டது, மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். வருவாய் மேலாண்மை என்று ஒரு தனித் துறையே ஓட்டல்களில் உருவானது. இன்னும் மூன்று வாரத்தில் ஊரில் மாநாடா? தள்ளுபடி மூடப்படும். மழைக்காலத் திங்கட்கிழமையா? திறக்கப்படும்.

இந்த இடத்தில்தான் ரிசப்ஷன் ஊழியரின் அதிகாரம் சுருங்கியது. அவர் முன்னால் இருந்த ராக் போய் திரை வந்தது. இன்று இந்த வாடகைக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு தரைவிலை அந்தத் திரையிலேயே வந்துவிடும். பல ஓட்டல்களில் முதலில் உயர்ந்த வாடகையைச் சொல், வந்தவர் தயங்கினால் அடுத்த படிக்கு இறங்கு, அதற்கும் தயங்கினால் கடைசிப் படி என்று இறங்கும் முறையையே பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். "உங்களுக்காகக் குறைக்கிறேன்" என்று அவர் சொல்லும் தொகை, பெரும்பாலும் ஏற்கெனவே முடிவு செய்யப்பட்ட தொகைதான்.

மேசைக்கு வெளியே போன வாடகை

இணையம் வந்ததும் வாடகை மேசையை விட்டே வெளியேறியது. எக்ஸ்பீடியா, புக்கிங் இரண்டும் 1996ஆம் ஆண்டு தொடங்கியவை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பயணிகள் குறைந்து அறைகள் காலியாகக் கிடந்தபோது, ஓட்டல்கள் இத்தகைய தளங்களிடம் மலிவு விலைக்கு அறைகளை அள்ளிக் கொடுத்தன. தளங்கள் தங்கள் லாபத்தைச் சேர்த்து விற்றன. ரிசப்ஷனில் நேரில் கேட்டால் கிடைப்பதை விட இணையத்தில் குறைவு என்ற விசித்திரம் அப்போதுதான் வந்தது. ஓட்டல் வாசலிலேயே நின்று போனில் பதிவு செய்துவிட்டு உள்ளே வருகிறவரைப் பார்த்து ரிசப்ஷன் ஊழியர் என்ன செய்வார்? அவரால் அந்த விலை கொடுக்க முடியாது.

காரணம், "எங்கள் தளத்தில் உள்ளதை விடக் குறைவாக நீங்கள் விற்கக் கூடாது" என்ற ஒப்பந்த நிபந்தனை. ஐரோப்பாவில் இது பெரும் சண்டையானது. 2015ஆம் ஆண்டு பிரான்ஸ் சட்டம் போட்டு இதைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டு ஜெர்மனியின் போட்டி ஆணையம் புக்கிங் தளத்துக்குத் தடை விதித்தது. தளம் இயங்க இத்தகைய நிபந்தனை அவசியமில்லை என்று 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் சொன்னது. சொந்த அறையைச் சொந்த மேசையில் குறைத்துக் கொடுக்கும் உரிமைக்காக ஓட்டல்காரர்கள் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது என்பதை ஸ்டாட்லர் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

இப்போது மேசையில் என்ன மிச்சம்?

மிச்சம் இருப்பது சில சில்லறை அதிகாரங்கள். அதே வாடகையில் பெரிய அறை, இலவசக் காலை உணவு, வண்டி நிறுத்தும் கட்டணத் தள்ளுபடி, இரண்டு மணி நேரம் தாமதமாக அறையைக் காலி செய்ய அனுமதி. இவை வாடகைப் பட்டியலில் வராதவை என்பதால் ரிசப்ஷன் ஊழியர் கொடுக்க முடிகிறது. தளத்துக்குக் கமிஷன் போகாததால், நேரடியாகப் போன் செய்பவருக்கும் நள்ளிரவில் நடந்து வருபவருக்கும் கொஞ்சம் இடம் உண்டு. லாஸ் வேகாஸில் அடையாள அட்டைக்கும் கிரெடிட் கார்டுக்கும் நடுவே 20 டாலர் நோட்டைச் செருகி நீட்டும் பழக்கம் பிரசித்தம். ஊரார் வீட்டு நெய் இன்னும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை!

2020ஆம் ஆண்டு கொரோனாவில் அமெரிக்க ஓட்டல் அறைகளில் சராசரியாகப் பாதிக்கும் குறைவாகவே நிரம்பின. ஆள் இல்லாமல் போனிலேயே சாவி பெறும் வசதி அதன் பிறகு இன்னும் பரவியது. அங்கே குறைத்துக் கேட்க எதிரே ஆளே கிடையாது. இன்னொரு பக்கம் 2025ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. விடுதிக் கட்டணம், வசதிக் கட்டணம் என்று கடைசியில் சேர்க்கும் கட்டாயத் தொகைகளை முதலில் காட்டும் விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது அது. ஸ்டாட்லர் அறையில் எழுதி மாட்டிய வாடகை, திரையில் மறுபடி வந்திருக்கிறது எனலாம்.

ஆக, தள்ளுபடி தரும் அதிகாரம் முதலாளியிடமிருந்து குமாஸ்தாவுக்கும், குமாஸ்தாவிடமிருந்து விதிக்கும், விதியிலிருந்து கம்ப்யூட்டருக்கும், அங்கிருந்து பாதி இணையத் தளங்களுக்கும் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் மனிதனின் பாரபட்சம் கொஞ்சம் குறைந்தது. மனிதனின் இரக்கமும் கூடவே குறைந்தது. கம்ப்யூட்டர் தோலின் நிறத்தைப் பார்த்து அறை இல்லை என்று சொல்வதில்லை. நள்ளிரவில் கைக்குழந்தையுடன் வருகிறவரைப் பார்த்து மனம் இளகுவதுமில்லை.

அடுத்த முறை ரிசப்ஷனில் "முடியாது சார்" என்ற பதில் கிடைத்தால், அந்த ஊழியர் மீது கோபப்படுவதில் அர்த்தமில்லை. விலையை அவர் வைக்கவில்லை. அந்த விலைக்கான வசவை வாங்கிக்கொள்ளும் வேலை மட்டுமே இன்று அவரிடம் மிச்சம் இருக்கிறது. அவரால் முடிந்தது ஒரு காலை டிபனோ, ஜன்னல் ஓரத்து அறையோதான். அதையும் மரியாதையாகக் கேட்பவருக்கே அவர் கொடுப்பார்.